நெட்டை நெல்லும் குறள் நெல்லும்

(கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர்)

தெமோதரையிலிருந்து வளைந்திறங்கி, உடுவரையும் ஹாலிஎலயும் கடந்து பதுளைக்கு வரும் புகைவண்டியிலிருந்து நோக்குவோர்க்கு இருவகைப் பசுமை தோன்றும். சரிவிலே தேயிலை, பள்ளத்திலே ஓடையை ஒட்டிய படிவயல்களில் நெல். இரண்டும் ஏறத்தாழ மனிதனின் இடுப்பளவுக்கு நிற்பன. ஊர் திரும்பும் பழைய மாணவர் பலரும் இக்காட்சியைக் கண்டிருப்பர். இரண்டும் ஒரே உயரத்தில் நிற்பதற்குக் காரணம் ஒன்றா, வேறா என்று எண்ணியவர் சிலராகவே இருப்பர். யாமும் நெடுங்காலம் எண்ணியதில்லை.

தேயிலை இயல்பிலே ஒரு மரம். கவ்வாத்துக் கத்தியும் கொழுந்து பறிப்போர் விரல்களுமே அதனைச் செடியாக வைத்திருக்கின்றன. கைவிடப்பட்ட மலைகளில் அது தன் இயல்புப்படி ஓங்கி வளர்ந்து நிற்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் அறிவர். தலைமுறை தலைமுறையாகக் கவ்வாத்துச் செய்த செடியேயாயினும், அதன் வித்தை நட்டால் முளைப்பது மரமே. கத்தி தந்த குறுமை வித்தினுள் புகுவதில்லை. இக்காலத்து நெல்லின் குறுமையோ வித்தினுள்ளேயே இருப்பது. அதனை எவரும் வெட்டுவதில்லை. இவ்விரண்டின் வேறாக மூன்றாவது குறுமை ஒன்றும் உண்டு. மண் தேய்ந்து, உரமும் நீரும் போதாமல், வளரவேண்டிய பயிர் வளராது நிற்பது அது. கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது வயலில் நேர்ந்தால் ஒரு போகம் வீணாகும். மக்கள்பால் நேர்ந்தாலோ அதனால் வரும் கேடு பெரிது. வகுப்பில் ஒரு மாணவன் கேட்ட வினாவே இதனை எழுதத் தூண்டியது. அதனை உரிய இடத்திற் கூறுவோம். முன்னர் நெல்லின் வரலாற்றைக் காண்போம்.

நம் முன்னோர் நெல் நெடிது வளர்வதையே விரும்பினர். வைக்கோல் மாட்டுக்கு உணவு, கூரைக்கு வேய்ச்சல். நெடிய பயிர் களையை நிழலால் அடக்கும். நீர் பெருகினால் தலைநீட்டித் தப்பும். முக்கூடற் பள்ளு முதலிய நூல்கள் நெல்வகைகளின் பெயர்களை அடுக்கிச் செல்லும். நம் நாட்டிலும் பச்சைப்பெருமாள், முருங்கைக்காயன் முதலிய பெயர்கள் சிங்கள உழவர் நாவிலும் சிறிது திரிந்து வழங்குகின்றன. ஊவாவின் கீழ்ப்புறத்து வெல்லஸ்ஸ என்னும் பெயருக்கு 'இலட்சம் வயல்' என்றே பொருள் கூறுவர். இவ்வயல்களிலெல்லாம் பண்டு நின்றது நெட்டை நெல்லே.

முற்றிய கதிர் தலைவணங்குவதைக் கற்றோரின் பணிவுக்கு உவமையாக்குவது தமிழ்ப் புலவர் மரபு. அவ்வுவமையைப் பலகாலம் கற்பித்த யாம் ஓர் உண்மையைக் காணத் தவறினோம். கதிர் வணங்கலாம், தாள் வணங்கலாகாது. தாள் மடிந்து பயிர் தரையிற் படுத்துவிடின், கீழிலைகள் ஒளி காணாது வெளிறும். மணி பால்கட்டாது பதராகும். நீர்பட்ட கதிர் வயலிலேயே முளைகட்டும். அறுவடையும் இரட்டிப்பு வேலையாகும். இதனையே உழவர் 'சாய்ந்துவிட்டது' என்பர்.

பழைய மண்ணில், பழைய உரத்தில், பழைய நெல் பெரும்பாலும் சாயாமல் நின்றது. நைதரசன் மிகுந்த செயற்கை உரம் வந்தபின்னரே இடர் பெரிதாயிற்று. உரத்தை உண்ட நெட்டை நெல் அதனை மணியாக்குவதற்கு முன் தாளாக்கியது; தாள் நீண்டு, கதிரும் கனத்து, ஒரு காற்றில் வீழ்ந்தது. உரம் போடப்போட விளைச்சல் ஏறுவதை விட்டு ஓர் எல்லைக்கு மேல் இறங்கத் தொடங்கியது. உழவன் உரத்துக்குக் கொடுத்த பணம் வைக்கோலாக மாறிற்று எனலாம்.

இலங்கையில் நெல்லினத்தைத் திருத்தும் பணி, குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடையில் 1952ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற நிலையத்தில் ஊக்கம்பெற்றது. அங்கே ஹெக்டர் வீரரத்ன என்னும் அறிஞரின் முயற்சியால் தோன்றிய எச் வரிசை நெற்களுள் எச் 4 புகழ்பெற்றது. முருங்கைக்காயன் 302 என்னும் நம் நாட்டு நெல்லையும் இந்தோனேசியாவின் மாஸ் என்னும் நெல்லையும் கலந்து உண்டாக்கிய அது 1958ஆம் ஆண்டில் உழவர் கைக்கு வந்தது. மாஸ் என்பது அந்நாட்டு மொழியிற் பொன். முருங்கைக்காயும் பொன்னும் கூடிப் பெற்ற பிள்ளை என்று மாணவர்க்குக் கூறினால் அவர்கள் மறப்பதில்லை. எச் 4 நன்கு விளைந்தது, எரிபந்த நோயைத் தாங்கியது, நாடெங்கும் பரவியது. ஆயினும் அதுவும் நெட்டைக் குலமே. உரம் மிகின் அதுவும் சாய்ந்தது.

இனி, உயரம் தலைமுறைக்குத் தலைமுறை எவ்வாறு செல்கிறது என்பதைப் பார்ப்போம். இதற்குப் பட்டாணியினின்று தொடங்குதல் வேண்டும். புரூன் நகரத்து மடத்தில் வாழ்ந்த கிரகர் மெண்டல் என்னும் துறவி, ஆறேழடி வளரும் பட்டாணியையும் ஒன்றரை அடிக்கு மேற்படாத பட்டாணியையும் கலந்தார். முதற்றலைமுறையில் எல்லாம் நெட்டை. குட்டை அழிந்தது என்றே எவரும் நினைப்பர். அவற்றின் விதையை மீண்டும் விதைத்தபோது 1064 செடிகளில் 787 நெட்டையும் 277 குட்டையும் எழுந்தன. மூன்றுக்கு ஒன்று என்னும் இவ்விகிதத்தை அவர் 1866ஆம் ஆண்டில் அச்சிட்டார். உலகம் அதனை முப்பத்துநான்கு ஆண்டுகள் கவனியாதிருந்தது.

தமிழ் மாணவர்க்கு இதனை விளக்க எமக்கு ஓர் எளிய வழி உண்டு. நெடிலை 'நெ' எனவும் குறிலை 'கு' எனவும் கொள்க. ஒவ்வொரு செடியும் தாயிடமிருந்து ஓரெழுத்தும் தந்தையிடமிருந்து ஓரெழுத்தும் பெறும். இவ்வெழுத்தே பரம்பரையலகு. நெநெ நெட்டை, குகு குட்டை. நெகு என்னும் கலப்பில் நெடிலே ஒலிக்கும், குறில் மௌனமாயிருக்கும். ஆகவே நெடில் ஆட்சியுள்ளது, குறில் பின்னிடைவானது என்பர். நெகுவும் நெகுவும் கூடின் நெநெ ஒன்று, நெகு இரண்டு, குகு ஒன்று. பார்வைக்கு நெட்டை மூன்று, குட்டை ஒன்று. மௌனமாயிருந்த எழுத்து மறையவில்லை, காத்திருந்தது என்பதைக் கரும்பலகையில் மாணவர் தாமே எழுதிக் காணும்போது அவர்தம் முகத்திற் தோன்றும் வியப்பு, யாப்பிலக்கணம் கற்பிக்கும்போது எமக்குக் கிட்டுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

நெல்லுக்கு இவ்விதி பொருந்துமா? பயிரின் உயரம் பொதுவாகப் பல பரம்பரையலகுகள் சிறிது சிறிதாகக் கூடி அமைவது. அத்தகைய உயரத்தைக் கலப்பில் ஆண்டால் நெட்டைக்கும் குட்டைக்கும் இடையில் எல்லா அளவும் வரும். வேண்டியதைத் தெரிந்து நிலைப்படுத்துவது பெருந்தொல்லை. நெற்பயிர் திருத்துவோரின் நற்பேறு, தாய்வானிலே ஒரு குட்டை நெல் இருந்தது. அதன் பெயர் டீ ஜியோ வூ ஜென். 'தாழ்ந்த கால், கரிய முனை' என்பது அச்சீனப் பெயரின் பொருள். நம் முருங்கைக்காயனைப் போலவே, உழவர் கண்ணாற் கண்டு வைத்த பெயர்.

பிலிப்பைன்ஸ் நாட்டு லாஸ் பானோஸ் நகரில் 1960ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தில், பீற்றர் ஜென்னிங்ஸ் என்பார் 1962ஆம் ஆண்டில் இக்குட்டையைப் பீட்டா என்னும் நெடிய இந்தோனேசிய நெல்லுடன் கலந்தார். முதற்றலைமுறை முழுவதும் நெட்டை. அடுத்த தலைமுறையில் சுமார் 10,000 செடிகளை வளர்த்தபோது நாலில் ஒரு பங்கு குட்டையாக நின்றது. மடத்துத் தோட்டத்துப் பட்டாணி மீண்டும் நெல்வயலில் முளைத்தது போலாயிற்று. இடைப்பட்ட உயரங்களின் குழப்பம் இல்லை. ஒரே பரம்பரையலகு, அதுவும் பின்னிடைவானது. நெட்டையைக் களைந்து குட்டையைத் தெரிந்தார்கள். ஹென்றி பீச்செல் என்பார் தொடர்ந்து தெரிந்தெடுத்த வழித்தோன்றலே 1966ஆம் ஆண்டில் ஐ.ஆர். 8 என வெளிவந்தது. பழைய நெட்டை நெல்லில் நிலத்தின் மேலுள்ள பயிரின் நிறையில் மணி ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. குட்டை நெல்லில் அது பாதியளவாயிற்று. தாளுக்குச் சென்றது மணிக்குத் திரும்பியது.

இங்கே உழவனுக்கு நன்மையான ஒரு நுட்பம் உண்டு. குகுவில் மறைந்திருக்க நெடில் இல்லை. நெல்லோ தன் மகரந்தத்தைத் தானே ஏற்கும் பயிர். ஆதலால் குட்டை நெல்லின் விதையை உழவன் தன் வீட்டிலேயே எடுத்துவைத்து விதைத்தாலும் அடுத்த போகத்திலும் குட்டையே முளைக்கும்.

அந்த ஒற்றை எழுத்து என்னதான் செய்கிறது? விடை ஒரு நோயினின்று வந்தது. யப்பானிய உழவர் சில நாற்றுகள் மட்டும் மெலிந்து நெடிது வளர்ந்து பயனின்றி மடிவதைக் கண்டு, அதனைப் 'பேதை நாற்று' நோய் என்றனர். அதனை உண்டாக்கும் பங்கசு சுரக்கும் ஒரு பொருளே நாற்றை நீளச் செய்கிறதென 1926ஆம் ஆண்டில் குரோசாவா என்பார் தாய்வானில் காட்டினார். 1935ஆம் ஆண்டில் யபுதா அப்பொருளுக்கு ஜிபரெலின் எனப் பெயரிட்டார். பின்னர்த் தெரிந்தது யாதெனில், இஃது எல்லாப் பயிரும் தாமே அளவாகச் சுரந்து தண்டை நீட்டிக்கொள்ளும் ஓமோன் என்பதே. தாய்வான் குட்டையில் இவ்வோமோனைச் சமைக்கும் நொதியம் ஒன்று பழுதுற்றிருப்பதை 2002ஆம் ஆண்டில் ஆய்வாளர் கண்டனர். முதலாம் நிறமூர்த்தத்தில் உள்ள அப்பரம்பரையலகில் 383 எழுத்துக்கள் விடுபட்டிருந்தன. ஓலையிலே சில வரிகளைச் செல் அரித்ததால் பாட்டுப் பொருளிழந்தது போல என்க.

அங்ஙனமாயின் கதிரும் குன்றவேண்டுமே, ஏன் குன்றவில்லை? அதே தொழிலைச் செய்யும் வேறொரு பரம்பரையலகு பூவில் வேலை செய்கிறது. தண்டு ஓமோன் குறைந்து குறுக, கதிர் தனக்கு வேண்டியதைப் பெறுகிறது. இவ்வளவு நேர்த்தியான பழுது இயற்கையில் அரிது.

கோதுமையின் வரலாறு இதற்கு உடன்பிறந்ததாயினும் ஒன்றன்று. யப்பானின் நோரின் 10 என்னும் குட்டைக் கோதுமையை வைத்து நோர்மன் போர்லாக் மெக்சிக்கோவில் உருவாக்கிய இனங்களே இந்தியாவையும் பாகிஸ்தானையும் அடைந்தன. அக்கோதுமையில் ஓமோன் உண்டு. பயிர் அதன் குரலைச் செவிமடுப்பதில்லை. ஆதலால் குட்டை நெல்லுக்கு ஜிபரெலினைத் தெளித்தால் அது நீளும். அக்கோதுமைக்குத் தெளித்தால் நீளாது. மெண்டலின் குட்டைப் பட்டாணியோ நெல்லைப் போன்றதே. அதன் பழுதும் ஓமோனைச் சமைப்பதில்தான் என 1997ஆம் ஆண்டில் அறியப்பட்டது.

ஐ.ஆர். 8 இலங்கையில் அப்படியே நிலைக்கவில்லை. இலைவெளிறல் நோய்க்கு அது எளிதில் இரையாயிற்று. சோறும் நம்மவர் வாய்க்கு ஒவ்வவில்லை. பத்தலகொடையார் தம் குறுந்தண்டு இனங்களைத் தாமே ஆக்கினர். 1970ஆம் ஆண்டில் பி.ஜி. 11-11, அடுத்து பி.ஜி. 34-8, 1975ஆம் ஆண்டில் பி.ஜி. 90-2 என அவை வந்தன. தாய்வான் குட்டையின் குருதி கலந்த பி.ஜி. 90-2 கடல் கடந்து மேற்கு ஆபிரிக்க வயல்களிலும் விளைந்தது. இன்று மகியங்கனைப் பக்கத்து வயல்களிற் காணும் பி.ஜி., ஏ.ரி. என்னும் எழுத்துக்கள் பத்தலகொடை, அம்பலாந்தோட்டை ஆகிய நிலையங்களின் பெயர்ச் சுருக்கமே. எழுத்தை அறியும் மாணவர் விதைமூட்டையின் எழுத்தையும் அறிதல் நன்று.

ஈண்டு ஒன்று கூறாது செல்ல இயலாது. நெல் குறுகி விளைச்சல் பெருகத் தொடங்கிய அதே காலத்தில், 1973, 1974ஆம் ஆண்டுகளில், கூப்பன் அரிசி குறைக்கப்பட்டுத் தோட்டங்களிலே பசி புகுந்தது. 1974ஆம் ஆண்டில் தோட்டப் பகுதிகளின் இறப்பு வீதம் மிக உயர்ந்தது. கீழே பள்ளத்தில் புதிய நெல் நின்றது. மேலே லயத்தில் வாழ்ந்தோர்க்கு வயல் இல்லை, நிலம் இல்லை, கூலி மட்டுமே உண்டு. கொழுந்துக் கூடையோடு நடந்தோர் அந்நெல்லைப் பார்த்தே நடந்தனர். எங்கள் பாட்டிமார் மரவள்ளியையும் கீரையையும் கொண்டு அக்காலத்தைக் கழித்த கதையைக் கேட்டே யாம் வளர்ந்தோம். ஒரு பரம்பரையலகு களஞ்சியத்தை நிரப்பலாம். களஞ்சியத்தின் திறவுகோல் அதன் கையில் இல்லை.

குட்டை நெல்லுக்கும் ஒரு வறுமை உண்டு. அது நைதரசனை உண்டு நிமிர்ந்து நிற்கவென்றே தெரிந்தெடுக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் செயற்கை உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதனை அடுத்த பெரும்போகத்தில் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தபோது இது வெளிப்பட்டது. உரமின்றி நின்ற குட்டை நெல், குட்டையாக மட்டுமே நின்றது. நெட்டை நெல்லை முற்றும் பழிப்போர் இதனை எண்ணுக. பச்சைப்பெருமாளை இன்றும் சிலர் விடாது பேணுவதில் நியாயம் உண்டு.

இனி அம்மாணவன் வினா. விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்ற ஒரு தவணையில் ஒன்பதாந் தரத்துக்கு அப்பாடத்தையும் யாமே எடுக்க நேர்ந்தது. நெகு, குகு எழுதி முடித்த வாரத்திலேயே சுகாதாரப் பகுதியினர் வந்து மாணவரின் உயரத்தையும் நிறையையும் அளந்து சென்றனர். மறுநாள் தோட்டத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், அப்ப நாங்களும் குட்டை நெல்லு மாதிரித்தானா? எங்க பரம்பரையே குட்டைன்னு சொல்றாங்களே" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. சொல்லால் மறுப்பது எளிது, பிள்ளை நம்பவேண்டுமே. ஆய்வுகூடத்தின் பின்புறத்தே நான்கு பாத்திகள் கட்டினோம். இரண்டுக்குச் சாணமும் கூட்டெருவும் இட்டோம். இரண்டுக்கு மழையில் மேல்மண் அரிபட்ட சரிவிலிருந்து பரல்மண் கொணர்ந்து நிரப்பினோம். நல்ல பாத்தி ஒன்றிலும் பரல் பாத்தி ஒன்றிலும் பச்சைப்பெருமாள். மற்றை இரண்டிலும் பி.ஜி. 352. பெரும்போகத்தில் விதைத்தோம், நீர் சுமந்தவர்கள் மாணவர்கள். நல்ல மண்ணில் பச்சைப்பெருமாள் அம்மாணவனின் மார்புக்கு வளர்ந்து, ஒரு மழையிரவில் பாதி சாய்ந்தது. அன்று காலை சாய்வு என்பதை விளக்க எமக்குச் சொல் தேவைப்படவில்லை. பரல்மண்ணில் நின்ற பச்சைப்பெருமாளோ, நல்ல மண்ணில் நின்ற பி.ஜி. 352 அளவுக்கே நின்றது. அடிக்கோலை இரண்டுக்கும் மாறிமாறி வைத்துப் பார்த்தார்கள். "எது பிறப்பால் குட்டை, எது பசியால் குட்டை?" என்று கேட்டோம். எவராலும் கூற இயலவில்லை. பார்த்துக் கூற இயலாது என்பதே அன்றைய பாடம்.

இரண்டிலும் கதிர் கொய்து, விதையைத் தனித்தனி உலர்த்தி, அடுத்த போகத்தில் ஒரே நல்ல பாத்தியில் அருகருகே விதைத்தோம். பி.ஜி.யின் பிள்ளைகள் இடுப்பளவில் நின்றன. பரல்மண் குட்டையின் பிள்ளைகள் மார்பளவுக்கு எழுந்தன. அம்மாணவன் நாள்தோறும் பாடசாலை தொடங்குமுன் வந்து அளந்து, கொப்பியில் எழுதினான்.

நெல்லிற் கண்டதை மனிதர்பால் அப்படியே ஏற்றுதல் கூடாது என்பதையும் மாணவர்க்குக் கூறினோம். மனித உயரம் ஓரெழுத்தால் ஆவதன்று. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு உயரத்தோடு தொடர்புடைய ஏறத்தாழ 12,000 வேறுபாடுகளைக் கண்டது. பெற்றோர் உயரம் பிள்ளைக்கு ஓரளவு வருவது உண்மை. எனினும், பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நன்கு ஊட்டி நோயின்றி வளர்க்கப்பட்ட குழந்தைகளை உலக சுகாதார நிறுவனத்தார் அளந்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, ஐந்து வயது வரை அவர்கள் பெரும்பாலும் ஒரே அளவில் வளர்ந்தமை தெரிந்தது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியில் 32 பேர். இவ்விடைவெளியைக் குருதியின் கணக்கில் எழுதுவோர், பரல்மண்ணைப் பார்க்காமல் விதையைப் பழிப்பவராவர்.

ஒரு வேற்றுமையையும் மறைக்கவில்லை. நெல்லின் பசி ஒரே போகத்தில் தீர்ந்தது. மனிதரில் அவ்வாறன்று, ஊட்டம் குன்றிய தாயின் வயிற்றிலேயே பிள்ளையின் குறை தொடங்கிவிடும். ஆதலால் நல்ல மண் கிடைத்தபின்னும் நிமிர்வதற்கு ஒன்றிரண்டு தலைமுறை செல்லக்கூடும். இதனைக் கேட்டபோது அம்மாணவன், தன் தங்கை முதலாந் தரத்தில் படிப்பதாகவும், அவள் உயரத்தையும் இனிக் கொப்பியில் எழுதப்போவதாகவும் கூறினான்.

அப்பாத்தியிற் கிடைத்த பச்சைப்பெருமாள் விதை இரண்டு பால்மாத் தகரங்களில் ஆய்வுகூடத்து அலுமாரியில் இருக்கிறது. வயலுள்ள பழைய மாணவர் எவரேனும் வேண்டின், தவணை நாட்களில் வந்து பெற்றுக்கொள்ளலாம். அறுவடையில் ஒரு தகரம் திருப்பித் தருதல் வேண்டும்.